புளியங்கொட்டையா, சல்லடையா, காரணிச் செடியா, வகுத்தல் முறையா? பகா எண்ணை எங்கிருந்து தொடங்குவது

ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால், கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்துவிடும்: பகா எண்ணையும் பகாக் காரணிகளையும் எதை வைத்துச் சொல்லிக் கொடுப்பது? மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில்தான் இது முறையாக வருகிறது. காரணிச் செடி (ஓர் எண்ணைப் பெருக்கல் ஜோடிகளாகக் கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டே போவது), வகுத்தல் முறை (வகுத்து வகுத்துக் கீழே இறங்குவது) எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும், மூச்சு விடுவதற்குள் மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) என்று பாடம் ஓட ஆரம்பித்துவிடும். அதற்குள் பல பிள்ளைகளுக்கு "பகா" என்றால் என்ன என்பதே பிடிபட்டிருக்காது.

எங்கள் தெருவில் மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு இதைப் பல வருடங்களாக நான்கு விதமாகவும் சொல்லிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புளியங்கொட்டையை அடுக்குவதில் தொடங்குங்கள், பிறகு எண் கட்டத்தில் மடங்குகளை அடித்துப் பகா எண்களை மிச்சம் வைக்கிற சல்லடைக்குப் போங்கள், எண்ணை உடைக்கிற கட்டம் வரும்போது செடியை முதலில் கொடுங்கள், வகுத்தல் முறையை அதற்கு அப்புறம் கொடுங்கள். வகுத்தல் முறை மட்டமானது என்பதற்காக அதைக் கடைசியில் வைக்கவில்லை, பெரிய எண்ணுக்கு அதுதான் கைகொடுக்கும், ஆனால் அதை முதலில் கொடுத்தால் பிள்ளைக்கு விடை வரும், விஷயம் வராது. ஏன் இந்த வரிசை, எந்தப் பிள்ளைக்கு இதை மாற்றிக்கொள்ளலாம் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

மனப்பாடம் என்று ஒரு வழியும் இருக்கிறது. 100-க்குள் இருக்கிற 25 பகா எண்களையும் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி ஒப்பிக்க வைப்பது. 2, 3, 5, 7, 11, 13 என்று பாட்டு மாதிரி சொல்லுவார்கள். சரி, 101 பகா எண்ணா என்று கேளுங்கள், முழிப்பார்கள், ஏனென்றால் அது சார்ட்டில் இல்லை. அந்த 25 எண்களும் பழகப் பழகத் தானாகவே மனதில் உட்கார்ந்துவிடும், அதற்காகத் தனியாக ஒரு நாள்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

எந்த முறைக்குப் போவதற்கு முன்னாலும் சொல்லை ஒரு நிமிஷம் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். தமிழில் இந்தப் பாடத்துக்குப் பெரிய வசதியே அதன் பெயர்தான். பகு என்றால் பிரி, பங்கிடு. பகுதி, பகிர்வு எல்லாம் அந்தப் பக்கத்துச் சொற்கள்தான். பகு எண் என்றால் பிரிக்க முடிகிற எண், பகா எண் என்றால் பிரிக்க முடியாத எண். பின்னாளில் இதே பிள்ளை இலக்கண வகுப்பில் நன்னூலின் பகுபதம், பகாப்பதம் படிக்கும்போது, "நடந்தான்" பிரியும், "நட" பிரியாது என்று ஆசிரியர் சொல்லும்போது, கணக்கு வகுப்பு ஞாபகத்துக்கு வந்தால் எனக்கு அதைவிட சந்தோஷம் இல்லை. இலங்கைப் பள்ளிகளில் இதை முதன்மை எண் என்கிறார்கள். அங்கே படிக்கிற பிள்ளைக்கு வேறு பக்கத்திலிருந்து சொல்லலாம்: மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கித்தான் உண்டாகின்றன, அதனால் இவை முதல்.

இனிமேல் புளியங்கொட்டை. ஒரு கைப்பிடி போதும், சோழியோ பட்டாணியோ இருந்தாலும் சரிதான். பிள்ளையிடம் 12 கொட்டை எண்ணிக் கொடுத்து, எல்லா வரிசையிலும் சமமாக இருக்கிற மாதிரி செவ்வகமாக அடுக்கச் சொல்லுங்கள். 2 வரிசை, வரிசைக்கு 6. அல்லது 3 வரிசை, வரிசைக்கு 4. அல்லது ஒரே நீள வரிசையாக 12. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, பாடம் என்று தோன்றவே தோன்றாது.

அப்புறம் 13 கொடுக்க வேண்டும். போன வருடம் ஒரு சின்னப் பெண் இதைச் செய்ததை இன்னும் மறக்க முடியவில்லை. 2 வரிசை வைத்தாள், வரிசைக்கு 6, ஒன்று மிச்சம். கலைத்தாள். 3 வரிசை, வரிசைக்கு 4, திரும்பவும் ஒன்று மிச்சம். 4 வரிசை, வரிசைக்கு 3, அப்போதும் ஒன்று மிச்சம். அந்த ஒற்றைக் கொட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இந்த ஒண்ணை எடுத்துடவா?" என்றாள். பக்கத்திலிருந்த பையன், "எடுத்தா அது 12 ஆயிடும்ல" என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எல்லாக் கொட்டையையும் தரை டைல்ஸ் கோட்டின் மேலே ஒன்றன் பின் ஒன்றாக நீளமாக வைத்துவிட்டு, "அப்ப இது ஒத்தை வரிசையிலதான் நிக்கும்" என்று முடித்துவிட்டாள். பகா எண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்த எந்த வரையறையையும்விட அது நன்றாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதற்கு "ஒத்தை வரிசை எண்" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கொட்டை முறையின் பெரிய லாபம், 1 பகா எண்ணா என்ற கேள்விக்கு அது சண்டை இல்லாமல் பதில் சொல்லிவிடும். "1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண்" என்று சொல்லிக் கொடுத்தால், கெட்டிக்காரப் பிள்ளை உடனே கேட்கும்: 1-உம் 1-ஆலும் தன்னாலும்தானே வகுபடுகிறது? நியாயமான கேள்வி. அதனால் நான் அந்த வரியைச் சொல்வதே இல்லை, "சரியாக இரண்டு காரணிகள் உள்ள எண்" என்றுதான் சொல்லுவேன். கொட்டையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 13-ஐப் படுக்க வைத்தால் ஒரு செவ்வகம், நிற்க வைத்தால் இன்னொன்று, ஆக இரண்டு. 12-க்குப் படுத்தது, நின்றது எல்லாம் சேர்த்து ஆறு, அதற்குக் காரணிகளும் ஆறுதான்: 1, 2, 3, 4, 6, 12. ஒற்றைக் கொட்டையைப் படுக்க வைத்தாலும் நிற்க வைத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆக ஒன்றே ஒன்று. எனவே 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. 2-க்குச் சரியாக இரண்டு வருகிறது, ஆகவே இரட்டைப்படையாக இருந்தாலும் அது பகா எண்தான். "ஒற்றைப்படை எல்லாம் பகா எண்" என்று நினைக்கிற பிள்ளைக்கு 9 கொட்டை கொடுங்கள், 3 வரிசைச் சதுரம் வந்து அந்த நினைப்பைக் கலைத்துவிடும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. 40-ஐத் தாண்டினால் எண்ணுவதிலேயே பொறுமை போய்விடும், ஒரு கொட்டை உருண்டு போனால் கணக்கே தப்பு. 91-ஐ அடுக்கச் சொன்னால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும். எனவே இரண்டு அல்லது மூன்று நாள், 30-க்குள் இருக்கிற எண்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று நாளில் ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளை கவனிக்கும்படி செய்துவிடுங்கள், பின்னால் இரண்டு இடங்களில் அது தேவைப்படும்: எந்தச் செவ்வகத்துக்கும் ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளம். காரணிகள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும், ஜோடியில் ஒன்று சின்னதாக இருக்கும். 36-க்கு 1 × 36, 2 × 18, 3 × 12, 4 × 9 என்று போய் 6 × 6-இல் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், அதற்கு மேலே தேட வேண்டியதே இல்லை.

அடுத்தது சல்லடை. எரடோஸ்தனிஸ் என்பவர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த கிரேக்க அறிஞர், நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவரும் அவர்தான். அவர் பெயரில் இருக்கிற இந்த முறை இன்றைக்கும் வேலை செய்கிறது. பிள்ளைக்கு வீட்டில் மாவு சலிப்பதைக் காட்டுங்கள், மாவு கீழே விழும், கப்பி மேலே தங்கும். இங்கே நமக்கு வேண்டியது மேலே தங்குகிற கப்பி.

புத்தகங்களில் வழக்கமாக 10 × 10 கட்டம் போடுவார்கள். நான் ஒரு வரியில் 6 எண் வருகிற மாதிரி கட்டம் போடச் சொல்லுவேன், 1 முதல் 100 வரை 17 வரி வரும். இதைத் தயவுசெய்து ஒரு தடவை செய்து பாருங்கள், பத்துக் கட்டத்துக்குத் திரும்பவே மாட்டீர்கள். முதலில் 1-ஐ விட்டுவிட வேண்டும். 2-க்கு வட்டம் போட்டுவிட்டு அதன் மடங்குகளை அடித்தால், 2, 4, 6 ஆகிய மூன்று நெடுவரிசைகளும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் போய்விடும். 3-க்கு வட்டம் போட்டு அடித்தால் மூன்றாவது நெடுவரிசை போய்விடும். மிச்சம் இருப்பது முதல் நெடுவரிசையும் ஐந்தாவது நெடுவரிசையும்தான். அவற்றிலும் அடிக்க வேண்டியவை மொத்தம் ஒன்பதே ஒன்பது: 5-ஆல் போகிறவை 25, 35, 55, 65, 85, 95, 7-ஆல் போகிறவை 49, 77, 91. முடிந்தது. 11-க்குப் போக வேண்டாம், ஏனென்றால் 11 × 11 = 121, அது தாளிலேயே இல்லை, 11-இன் சின்ன மடங்குகளையெல்லாம் 2, 3, 5, 7 ஏற்கெனவே அடித்துவிட்டன. குட்டைப் பக்கம் என்று சொன்னேனே, இங்கே அது முதல் தடவை வேலைக்கு வருகிறது: 100-க்குள் இருக்கிற எந்த எண்ணுக்கும் குட்டைப் பக்கம் 10-ஐத் தாண்டாது.

எண்ணிப் பார்த்தால் 2 முதல் 100 வரை 99 எண்கள், 2-ஆல் 49 போயிற்று, 3-ஆல் புதிதாக 16, 5-ஆல் 6, 7-ஆல் 3, மொத்தம் 74. மிச்சம் 25. பிள்ளை தன் தாளில் வட்டங்களை எண்ணி 25 வந்தால் சரி, 26 வந்தால் பெரும்பாலும் 91 தப்பித்திருக்கும்.

91 ஏன் எப்போதும் தப்பிக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நம் பிள்ளைகள் வாய்ப்பாட்டை 10 வரிக்கோ 12 வரிக்கோ, மிஞ்சிப் போனால் 16 வரிக்கோ சொல்லுவார்கள். 51 என்பது 3 × 17, 57 என்பது 3 × 19, 87 என்பது 3 × 29. 91 என்பது 7 × 13, பன்னிரண்டு வரியோடு நிறுத்துகிற பிள்ளைக்கு அதுவும் ஒரு வரி தள்ளி. வாய்ப்பாடு முடிகிற இடத்துக்குச் சற்று வெளியே நிற்கிற எண்கள் இவை, காதுக்குப் பழக்கமில்லாததால் பகா எண் மாதிரி தோன்றுகின்றன. 51, 57, 87 மூன்றுக்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாலே 3-ஆல் வகுபடும் என்று தெரிந்துவிடும். 91-க்கு அந்த வசதி இல்லை, 7-ஆல் வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சல்லடை எது பகா எண் என்று சொல்லும். 84 எந்தப் பகா எண்களால் ஆனது என்று சொல்லாது. அதனால் சல்லடையை மட்டும் வைத்துக்கொண்டு பாடத்தை முடிக்க முடியாது, ஆனால் அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள், நோட்டின் பின்னட்டையில் ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செடி போடும்போது "இது பகா எண்ணா?" என்ற சந்தேகம் வருகிற ஒவ்வொரு தடவையும், பிள்ளை உங்களைக் கேட்காமல் தான் போட்ட தாளைப் புரட்டிப் பார்க்கும்.

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம், செடியா வகுத்தல் முறையா. பெற்றோர் பெரும்பாலும் வகுத்தல் முறையையே சொல்லிக் கொடுக்கிறார்கள், தாங்கள் படித்தது அது என்பதால். இடது பக்கம் வகுக்கும் எண், வலது பக்கம் எண், கீழே ஈவு, அதற்குக் கீழே அடுத்த ஈவு என்று 1 வரும்வரை இறங்கிக்கொண்டே போவது. என் பிள்ளைகள் அதை ஏணி என்பார்கள். பார்க்கவும் சுத்தமாக இருக்கும், இடது பக்கத்தை மேலிருந்து கீழே படித்தால் விடை.

ஆனால் முதலிலேயே ஏணியைக் கொடுத்த பிள்ளையிடம் 72-ஐக் கொடுத்துப் பாருங்கள். 6-ஆல் வகுக்கும், 12 வரும். திரும்பவும் 6-ஆல் வகுக்கும், 2 வரும். 2-ஆல் வகுத்து 1-க்கு வந்துவிட்டு 6 × 6 × 2 என்று எழுதும். பெருக்கினால் 72 சரியாகத்தான் வருகிறது, டீச்சர் மட்டும் தப்பு போடுகிறார், ஏன் தப்பு என்று பிள்ளைக்குக் கடைசிவரை புரியாது. "பகா எண்ணால் மட்டும் வகு" என்பது அதற்கு வெறும் கட்டளை.

செடியில் இந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும். 6 என்று ஒரு கிளை வந்தால் அது இன்னும் பிரியும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதன் கீழே 2, 3 என்று இரண்டு கிளை விடாமல் கை நிற்காது. பிரியாத எண் வந்தால் கிளை நின்றுவிடும். பிரிகிறது, பிரியவில்லை, பகு, பகா: சொல்லும் படமும் ஒன்றாகிவிடுகின்றன.

இன்னொன்று இருக்கிறது, நான் செடியை முதலில் வைப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான். ஒரு நாள் இரண்டு பையன்கள் 72-க்குச் செடி போட்டார்கள். ஒருவன் 8 × 9 என்று தொடங்கினான், இன்னொருவன் 6 × 12. ஆளுக்கு ஆள் மற்றவனுடையது தப்பு என்று சண்டை. இரண்டு பேரையும் முழுசாக முடிக்கச் சொன்னேன். முதலாமவனுக்கு 8 பிரிந்து 2, 4, அந்த 4 பிரிந்து 2, 2, அந்தப் பக்கம் 9 பிரிந்து 3, 3. இரண்டாமவனுக்கு 6 பிரிந்து 2, 3, 12 பிரிந்து 3, 4, அந்த 4 பிரிந்து 2, 2. நுனியில் இருக்கிறவற்றை மட்டும் ஒரு வரியில் எழுதச் சொன்னேன். இரண்டு பேருக்கும் மூன்று 2, இரண்டு 3. ஸ்லேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் மூன்றாவதாக ஒருவன் வந்து 2 × 36 என்று தொடங்கி, நிச்சயம் இது வேறு மாதிரி வரும் என்று சொல்லி, அதே மூன்று 2-க்கும் இரண்டு 3-க்கும் வந்து நின்றான். எந்தக் கிளையில் தொடங்கினாலும் நுனியில் அதே எண்கள்தான். இதற்கு எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று பெயர், இதன் வேர் கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதியதில் இருக்கிறது, 1801-இல் ஜெர்மன் கணித அறிஞர் காஸ் இதைத் தெளிவாகச் சொல்லி நிறுவினார். பத்து வயசுப் பிள்ளைகள் அந்தப் பெயர் தெரியாமலேயே அன்று அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஏணியில் இந்தச் சண்டைக்கே இடமில்லை, அங்கே எல்லோரும் 2-இல் தொடங்கி ஒரே வழியில்தான் இறங்குவார்கள், அதனால் வேறு வழியில் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றாது.

செடிக்குக் குறைகள் உண்டு, மறைக்க மாட்டேன். முதல் நாள் சில பிள்ளைகள் 12-ஐ 7, 5 என்று பிரிப்பார்கள். "பிரி" என்றதும் கூட்டலாகப் பிரித்துவிடுகிறார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை, கிளைகளுக்கு நடுவில் பெருக்கல் குறியைப் போட வைத்தால் சரியாகிவிடும். சிலர் 7-க்குக் கீழே 1, 7 என்று கிளை விட்டுவிட்டு, அந்த 7-க்குக் கீழே திரும்பவும் 1, 7 என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு பையன் தாளின் அடிவரைக்கும் போய்விட்டான். அவனைத் தடுக்கவில்லை, முடியாது என்று அவனுக்கே தெரிந்த பிறகு, 1-ஐச் செடியில் சேர்ப்பதில்லை என்பதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, நுனியில் இருக்கிற ஏதாவது ஒன்றை விடையில் எழுத மறந்துவிடுவது. 360 மாதிரி எண்ணுக்குச் செடி நாலா பக்கமும் படர்ந்து, ஒரு 2 எங்கேயோ மூலையில் ஒளிந்துகொள்ளும். பகா எண் வந்த உடனே வட்டம் போடு, கடைசியில் வட்டத்தை மட்டும் எடுத்துப் பெருக்கிப் பார், முதல் எண் வர வேண்டும். இந்த இரண்டு பழக்கமும் வந்துவிட்டால் தொண்ணூறு சதவீதம் சரியாகிவிடும் என்பது என் அனுபவம்.

பிறகு, செடி எங்கே கைவிடும் என்றால், தொடங்குவதற்கு ஒரு ஜோடி தெரியாத எண்ணில். 1001-ஐக் கொடுத்தால் எதில் கிளை விடுவது? வாய்ப்பாட்டில் இல்லாத எண்ணுக்குச் செடி ஒரு வழியும் காட்டாது, பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்த இடத்தில்தான் ஏணியைக் கொடுக்க வேண்டும், அப்போது அது கட்டளையாக இல்லாமல் உதவியாக வரும். 2-ஆல் போகாது, 3-ஆல் போகாது (1 + 0 + 0 + 1 = 2), 5-ஆல் போகாது, 7-ஆல் போகும், 143. அது 7-ஆல் போகாது, 11-ஆல் போகும், 13. வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். எங்கே நிறுத்துவது என்றால் அதே குட்டைப் பக்கம்தான்: 97-ஐ 2, 3, 5, 7 வரை தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம், 11 × 11 அதைத் தாண்டிவிடும். இதைப் புரியாமல் படித்த பிள்ளை 97-ஐ 48 வரைக்கும் வகுத்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருந்தது.

மீ.பெ.கா., மீ.சி.ம. வரும்போது எது நல்லது? இதில் பள்ளி சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். இரண்டு மூன்று எண்களை ஒரே ஏணியில் போட்டு மீ.சி.ம. காண்பது வேகமான வழி, பரீட்சைக்கு அதுதான் வசதி. ஆனால் 12, 18, 20 என்று மூன்று எண்ணை ஏணியில் போட்டுப் பாருங்கள். 2-ஆல் வகுத்தால் 6, 9, 10. திரும்ப 2-ஆல் வகுத்தால் 3, 9, 5, இங்கே 9 அப்படியே இறங்கியது. 3-ஆல் வகுத்தால் 1, 3, 5. மீ.சி.ம. 2 × 2 × 3 × 3 × 5 = 180, சரி. இப்போது மீ.பெ.கா. கேட்டால் பாதிப் பிள்ளைகள் இடது பக்கத்தை மட்டும் பெருக்கி 12 என்று எழுதிவிடுவார்கள். 18-ஐ 12 வகுக்குமா? வகுக்காது. மூன்று எண்களும் சேர்ந்து வகுபட்டது முதல் படியில் மட்டும்தான், எனவே மீ.பெ.கா. 2. செடி போட்டு 2 × 2 × 3, 2 × 3 × 3, 2 × 2 × 5 என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, மூன்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரே ஒரு 2 என்று பிள்ளையே சொல்லிவிடும். அதனால் மீ.பெ.கா.வுக்குச் செடி, மீ.சி.ம.வுக்கு ஏணி என்று நான் பழக்குகிறேன். இரண்டுக்கும் ஏணியையே பள்ளியில் கேட்டால், முதல் ஒரு வாரம் செடியில் செய்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வரிசையை மாற்ற வேண்டிய பிள்ளைகளும் உண்டு. நாளன்றைக்குப் பரீட்சை என்று வந்து நிற்கிற பிள்ளைக்குக் கொட்டையை அடுக்கிக்கொண்டிருக்க முடியாது, நேராக ஏணி, கூடவே "இடது பக்கம் சல்லடைத் தாளில் வட்டம் போட்ட எண் மட்டும்" என்ற ஒரே விதி. வகுத்தல் தடுமாறுகிற பிள்ளைக்கு இதற்கு நேர்மாறு: 396-ஐ 2-ஆல் வகுக்கும்போதே கையில் மிஞ்சுவதை மறந்துவிடும், ஏணியில் ஒரு படி தப்பினால் கீழே உள்ளது எல்லாம் தப்பு, ஆகவே அந்தப் பிள்ளையைச் செடியிலேயே ஒரு மாதம் வைத்திருங்கள், 100-க்குள் இருக்கிற எண்கள் போதும். கையெழுத்து கோணல்மாணலாகப் போகிற பிள்ளைக்குக் கட்டம் போட்ட நோட்டில் ஏணிதான் நல்லது, செடி அவர்களுக்குக் காடாகிவிடும்.

"இதெல்லாம் எதுக்கு?" என்று நிச்சயம் கேட்பார்கள். 13-ஐயும் 17-ஐயும் பெருக்கச் சொல்லுங்கள், ஒரு நிமிஷத்தில் 221 என்று சொல்லிவிடுவார்கள். இன்னொரு பிள்ளையிடம் 221-ஐ மட்டும் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது பாருங்கள். பெருக்குவது சுலபம், உடைப்பது கஷ்டம். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் என்ற மூவர் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் ரகசியச் செய்தி அனுப்புகிற பூட்டைக் கண்டுபிடித்தார்கள். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உள்ள இரண்டு பகா எண்களைப் பெருக்கி வைத்துவிட்டால், அதை உடைக்கக் கம்ப்யூட்டரே திணறும். இணையத்தில் செய்திகளைப் பாதுகாக்க இந்தப் பூட்டு இன்றும் பயன்படுகிறது. பிள்ளைகளுக்கு இது போதுமான பதிலாக இருக்கிறது, அம்மாவின் போனை எடுத்து ஒரு தடவை உற்றுப் பார்ப்பார்கள்.

கடைசியாக நான் கொடுக்கிற எண் எப்போதும் 1729. ராமானுஜன் உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் அது, சுவாரசியம் இல்லாத எண் என்று சொல்ல, இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் சொன்ன கதையைச் சொல்லிவிட்டு, நாம் அதை வேறு விதமாகப் பார்ப்போம், உடைத்துப் பார்ப்போம் என்பேன். கொட்டைக்கு அது பெரிய எண், சல்லடைத் தாளில் இல்லை, செடிக்கு முதல் கிளை தெரியாது. 13 கொட்டையை வைத்துக்கொண்டு தடுமாறினாளே, அந்தப் பெண்தான் இந்த வருடம் முதலில் முடித்தாள். 2 இல்லை, 3 இல்லை, 5 இல்லை, 7-ஆல் போனது, 247. அதை 7-ஆல் வகுத்தால் 2 மிச்சம், 11-ஆல் வகுத்தால் 5 மிச்சம், 13-ஆல் சரியாகப் போனது. கீழே 19 வந்ததும் வகுப்பதை நிறுத்திவிட்டு, நோட்டைத் திருப்பிப் பின்னட்டையில் முதல் நெடுவரிசையில் தான் வட்டம் போட்டிருந்த 19-ஐ விரலால் தொட்டாள். "இதுவும் ஒத்தை வரிசைதான் அக்கா."